அடைப்பு வீடு

விசைத்தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவளுக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவர்தான் கண்ணில் படும். தறி அதிர அதிர எங்கே விரிசல் விடும், எந்த மூலை முதலில் இறங்கும் என்பதெல்லாம் தேவசேனாவுக்கு அத்துப்படி. நகரியில் பிறந்து, நகரியிலேயே வாழ்க்கைப்பட்டு, ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் வாடகை வீடு என்றால் என்னவென்றே தெரியாமல் இருந்தவள். அப்படிப்பட்டவளைத் திருப்பதித் தெருக்களில் டூ-லெட் போர்டு தேடி அலைய வைத்தது அவள் புருசன் கோவர்த்தனனின் கிட்னி.

வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். நகரியிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். மிஷினில் படுத்து எழுந்து திரும்பும்போது மனுசர் பிழிந்துபோட்ட துணியாகக் கிடப்பார். ஆவணியில் ஒருநாள், புத்தூர் தாண்டியதும் சீட்டிலிருந்து சரிந்து விழுந்தார். கண் செருகிவிட்டது. டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: "இப்படியே பஸ்ல அலைஞ்சா ஒருநாள் வழியிலேயே போயிடுவாரும்மா." ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், படி ஏறத் தேவையில்லாத வீடு ஒன்று வேண்டும். அது கிடைத்தால் புருசன் இருப்பார், கிடைக்காவிட்டால் இருக்கமாட்டார். விஷயம் அவ்வளவுதான்.

படி இல்லாத வீடு என்றால் பழைய வீடுதான். இப்போது கட்டுகிறவர்கள் காரைக் கீழே நிறுத்திவிட்டு மனுசரை மேலே ஏற்றிவிடுகிறார்களே! ஆகவே கோவிந்தராஜ சுவாமி கோயிலைச் சுற்றியிருக்கும் பழைய வீதிகளில் நடையாய் நடந்தாள். சுண்ணாம்புச் சுவர், அகலக் கதவு, நடுவில் வெளிச்சம் விழும் முற்றம். வீடு இல்லாமல் இல்லை, கொடுக்கத்தான் ஆளில்லை. புருசனுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னதும் முகம் சுருங்கிவிடும். ஒரு அம்மாள் கையில் சாவியை வைத்துக்கொண்டே, "சாவி காணோம்மா" என்று திருப்பி அனுப்பினாள்.

தேவசேனாவுக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. குடிவைத்த வீட்டில் சாவு விழுந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? அதிலும் ஆகாத நட்சத்திரத்தில் விழுந்துவிட்டால் அந்த வீட்டையோ, சாவு விழுந்த அறையையோ மாதக்கணக்கில் அடைத்துப் பூட்ட வேண்டும். அடைப்பு என்றால் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஈரக்குலை நடுங்கும். தன் வீடாக இருந்தால் தானும்தான் கொடுத்திருக்க மாட்டாள்.

பத்து வீடு கைவிட்ட பிறகு பதினோராவது வீட்டுக்குச் சொந்தக்காரர் ஸ்ரீஹரி. சித்தூரில் மோட்டார் பம்பு கடை வைத்திருப்பவர். சாவியோடு அவரே வந்து நின்றார்.

"சார், முன்னாடியே சொல்லிடறேன். எங்க வீட்டுக்காரருக்கு கிட்னி போயிடுச்சி. வாரத்துக்கு மூணு நாளு மிஷின்ல படுக்கணும்" என்றாள் தேவசேனா.

"பர்லேதம்மா. இட்டுக்கினு வாங்க. ரொம்ப முடியலையா?"

"சில நாளு நல்லாத்தான் இருப்பாரு சார்."

"டாக்டரு எத்தினி நாளுன்னு எதுனா சொன்னாங்களா?"

அந்தக் கேள்வி அவளுக்கு அன்றைக்கு அக்கறையாகப் பட்டது. பாவி, அழாத குறையாகக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

வீடு லட்சணமாக இருந்தது. கடைசி அறை மட்டும் பூட்டிக் கிடந்தது. நிலைப்படியில் காய்ந்த முள் ஒரு கட்டு. பழைய சாமான் போட்டிருப்பதாகவும், எலி வராமல் இருக்க முள் வைத்ததாகவும் ஸ்ரீஹரி சொன்னார். கொல்லைப்பக்கம் சுற்றி வந்தபோது அதே அறையின் வெளிச்சுவரில், ஒரு கட்டில் நுழைகிற அகலத்துக்குப் புது சிமெண்ட் பூசியிருந்தது.

"மழையில இடிஞ்சிருச்சும்மா" என்றார்.

மழையில் இடிகிற சுவர் அடியில் கரையும், இல்லாவிட்டால் உச்சியில் உதிரும். இப்படி நடுவில் கத்தரித்த மாதிரி சதுரமாகவா இடியும்? நாக்கு நுனி வரைக்கும் வந்த கேள்வியை விழுங்கிவிட்டாள். பதினோராவது வீட்டையும் விட அவளுக்குத் தெம்பில்லை.

ஐப்பசியில் குடிவந்தார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஸ்ரீஹரி போன் பண்ணுவார். குழாய் வருகிறதா, ஃபேன் ஓடுகிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. "அய்யா எப்படி இருக்காரு?" என்பார். பரவாயில்லை என்றால், "ஓஹோ" என்று வைத்துவிடுவார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு வீட்டுக்காரரா என்று கோவர்த்தனன் மெச்சிக்கொண்டார்.

குடிவந்த மூன்றாவது வாரம், எதிர்வீட்டு வாசலில் பூக்கட்டி விற்கிற கன்னிகா அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, சொல்லாம இருந்தா எனக்குப் பாவம் சேரும். அந்த வீட்டுப் பெரியவரு, ஸ்ரீஹரியோட நைனா, புரட்டாசியிலதான் செத்தாரு. அவிட்ட நட்சத்திரம். அந்தக் கடைசி ரூம்புக்கு முள்ளு வெச்சி ஆறு மாசம் அடைப்பு. வாசல் வழியா எடுத்தா அதே வழியில திரும்பி வந்துடுவாருன்னு, செவுத்த இடிச்சித்தான் வெளிய எடுத்தாங்க."

தேவசேனா தன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "அடைப்பு வீட்டுல எங்கள ஏன் வெச்சாரு?"

"சனிப் பொணம் தனியா போவாதுன்னு சொல்வாங்க இல்ல? இது அதுக்கும் மேலக்கா. துணைக்கு ஆளு கேக்கும். துணைக்குப் போற ஆளு அவங்க வீட்டு ஆளா இருக்க வேணாம்னு…" கன்னிகா பூவைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

அன்றைக்கே மூட்டை கட்டியிருக்கலாம். ஆனால் எங்கே போவது? மறுபடி நகரி, மறுபடி பஸ். பஸ் நிச்சயமாகக் கொல்லும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். வீடு கொல்லுமோ கொல்லாதோ, அது சாமிக்குத்தான் வெளிச்சம். இருப்பது என்று தீர்மானித்தாள். புருசனிடம் மூச்சுவிடவில்லை. அதற்கப்புறம் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். முள் கிடக்கும் வாசலைத் தாண்டும்போதெல்லாம் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். அவர் கண்ணசந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால், "நல்லா இருக்காரு சார், ரெண்டு இட்லி கூட துன்னாரு" என்று வேண்டுமென்றே சத்தமாகச் சொல்வாள். அந்தப் பக்கம் "ஓஹோ" சின்னதாகிக்கொண்டே போனது.

தையில் கோவர்த்தனனுக்கு மூச்சு வாங்கி இரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். யார் சொன்னார்களோ, ஸ்ரீஹரி ஆப்பிள் வாங்கிக்கொண்டு சித்தூரிலிருந்து ஓடி வந்தார். கட்டில் அருகே நின்று நெடுநேரம் பார்த்தார். "வீட்டுக்கே இட்டுக்கினு போயிடுங்கம்மா. வீட்டுல இருந்தா மனசுக்கு நிம்மதி" என்றார். அந்த ஆப்பிளைத் தேவசேனா குப்பையில் போட்டாள்.

எப்படியோ பங்குனி பிறந்தது, ஆறு மாசமும் முடிந்தது. ஸ்ரீஹரி ஐயரோடு வந்து ஹோமம் வளர்த்தார். முள்ளை அகற்றி அறையைத் திறந்து, வீடு முழுக்கப் புண்ணியாகவாசனத் தண்ணீர் தெளித்தார்கள். கண்டம் தாண்டியாயிற்று என்று தேவசேனாவுக்கு மனசு குளிர்ந்துபோனது. ஐயரை அனுப்பிவிட்டு ஸ்ரீஹரி கோவர்த்தனன் முன்னால் உட்கார்ந்தார்.

"வர்ற மாசம் காலி பண்ணிடுங்க சார்."

"இன்னா சார், திடீர்னு?"

ஸ்ரீஹரிக்குச் சொல்ல வாய் வரவில்லை. தேவசேனாவுக்கு வந்தது. மாசக்கணக்காக அடக்கி வைத்ததையெல்லாம், அவிட்டத்திலிருந்து ஆப்பிள் வரைக்கும், புருசன் எதிரிலேயே கொட்டித் தீர்த்தாள். "ஒங்க வீட்டு சாவுக்கு எங்க ஆள பலி குடுக்க வெச்சியே, நீ நல்லா இருப்பியா?" என்று மண்ணை வாரித் தூற்றாத குறை. ஸ்ரீஹரி மறுக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். "இப்பத்தான் வீடு சுத்தமாச்சும்மா. மறுபடியும் இங்க ஒரு சாவு விழுந்தா எங்க குடும்பம் தாங்காது" என்றார்.

கோவர்த்தனன் எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். "ஏன் சார், இந்த ஆறு மாசத்துல நான் போயிருந்தா, இவள காலி பண்ணச் சொல்லியிருப்பீங்களா?"

"லேது சார்." ஸ்ரீஹரி பொய் சொல்லத் தெரியாதவர் போல் சொன்னார். "இவங்க எத்தினி வருசம் வேணும்னாலும் இருந்திருக்கலாம்."

மறுநாள் மிஷின் நாள். காலை ஆறு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. தேவசேனா ஃபைலையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு வந்தால், மனுசர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார்.

"எழுந்திருங்க, ஆட்டோ நிக்குது."

"இன்னிக்கி வேணாம் தேவசேனா."

"ஏன், ஒடம்புக்கு இன்னா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. காலி பண்ண இன்னும் ஒரு மாசம் இருக்குது இல்ல? அந்தாளு பயப்படறதே என் சாவுக்குத்தான். அதுக்குள்ள நான் போயிட்டா அந்த பயம் முடிஞ்சிடும், அப்புறம் உன்ன போவச் சொல்ல மாட்டான். நீ இங்கியே இரு."

ஃபைல் கையிலிருந்து விழுந்தது. "ஐயோ, எனக்கு எந்த வீடும் வேணாம்யா! தெருவுல கெடக்கறேன், எழுந்திரு!" முப்பது வருசத்தில் முதல்முறையாக அவரை ஒருமையில் அதட்டினாள். இரண்டு கையையும் பிடித்து இழுத்தாள். வெளியே ஆட்டோக்காரன் மூன்றாவது தடவை ஹாரன் அடித்தான். கோவர்த்தனன் எழுந்திருக்கவில்லை.