ஒல்லாந்து மாப்பிள்ளையின் ஆல்பம்

சித்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளையைக் கூட்டி வரவில்லை. அவருக்கு ஒல்லாந்தில் வேலை, லீவு கிடைக்கவில்லையாம். அவருக்குப் பதிலாக நீல அட்டை போட்ட ஓர் ஆல்பம் வந்தது.

"தம்பி தன்ரை கமராவாலை எடுத்த படங்கள், பிள்ளை. உமக்கெண்டே எடுத்தவன்" என்றார் அவருடைய தாய். பாரிசில் எங்கள் லா சப்பல் வீட்டில் அதற்குமேல் யாரும் எதையும் கேட்கவில்லை. அம்மா ரோல்ஸ் பொரிக்க எழுந்து போனார்.

யாழ்ப்பாணத்தில் கோட்டை கட்டியவர்கள் ஒல்லாந்தர் என்று அப்பா சொல்லியிருந்ததால், நான் முதலில் கோட்டையைத் தேடினேன். இல்லை. கால்வாய்கள், ஒடுங்கிய வீடுகள், கட்டிவைத்த படகுகள். ஒரு பாலத்தில் சிவப்புக் கோட்டுப் பெண் ஒருத்தி சைக்கிளிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கால் நிலத்தில், மற்றது காற்றில். அட்டையை அடுத்து, புத்தகங்களில் பெயர் அச்சடித்திருக்கும் முதல் தாள் மட்டும் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது.

சித்தி ஆல்பத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார். அவர் சம்மதம் சொல்லப்போவது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அந்த ஞாயிறு பாரிசுக்கு வெளியே திரான்சியில் ஒரு பிறந்தநாள் வீடு. அங்கே கலியாணமாகாத அக்கா ஒருவர் இருந்தார். அவருடைய அறை அலுமாரியில் அதே நீல அட்டை. விரித்தேன். அதே பாலம். சிவப்புக் கோட்டுக்காரி இன்னும் இறங்கி முடிக்கவில்லை. முதல் தாளும் அதேபோல் வெட்டப்பட்டிருந்தது.

"சித்தி, இஞ்சை பாருங்கோ! எங்கடை பொம்பிளை!"

சித்தியோடு உள்ளே வந்த அக்கா என்னிடம் கேட்டார்: "நீ இவவை எங்கை பாத்தனி?"

"எங்கடை வீட்டிலை. சித்தியின்ரை மாப்பிள்ளை எடுத்த படம்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அக்கா மெதுவாக, "உங்களுக்கெண்டே எடுத்ததாமோ?" என்றார்.

"ஓம்" என்றார் சித்தி. "பாவம் அந்த மனுசி. எத்தினை பேருக்கெண்டு சைக்கிளாலை இறங்கினதோ."

இருவரும் கட்டிலில் விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது சித்தியின் கண்கள் சிவந்திருந்தன.

வீடு திரும்பியதும், "எனக்கு ஒல்லாந்து வேண்டாம், அக்கா" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா கெஞ்சினார், ஏசினார். சித்தி அசையவில்லை.

எனக்குத்தான் கோபம். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பகிர்ந்துகொள்ளச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த மனிதர் பாலத்தில் நின்று இரண்டு பேருக்கும் ஒரேமாதிரிப் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். இன்னொருவருக்கும் கிடைத்துவிட்டது என்பதற்காக வேண்டாம் என்கிறாரே, சித்திக்கு இவ்வளவு பொறாமையா என்று நினைத்தேன்.