அருள்தாஸின் ஐந்து நிமிடக் கெடு

அருள் போய்விட்டான்.

கருங்குழி அருள்தாஸ்... எங்கள் நெட்வொர்க் டீம். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றிருக்கிறான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். நாற்பத்திரண்டு. சாகிற வயதா இது?

ஆபீசில் பக்கத்து சீட். அவன் டிபன் பாக்ஸைத் திறந்தால் கருவாட்டு வாசனையில் ஏசி ரூமே முகம் சுளிக்கும். "பேஜாரு பண்ணாதீங்கடா, துன்னுட்டுப் போறேன்" என்பான்.

அவன் வேலை விர்ச்சுவல் சுவிட்ச். கையால் தொட முடியாது. சர்வருக்குள்ளேயே இருந்து நாற்பது மெஷின்களை நெட்வொர்க்கில் சேர்க்கும். கட்டளைகளை வரிசையாக எழுதி ஒரே மூச்சில் ஓட்டும் ஷெல் ஸ்கிரிப்டில்தான் எல்லாம் செய்வான். ஐந்து நிமிடத்தில் நாம் 'ஓகே' கொடுக்காவிட்டால் எல்லாம் தானாகப் பழையபடி திரும்பிவிடும் என்று ஒவ்வொன்றிலும் ஒரு வரி வைப்பான்.

"நாம உள்ள போற வழியும் அந்த சுவிட்ச்சு மேலதான் கீது மச்சான். அறுத்துட்டா வெளியவே நின்னுகினு இருப்ப."

ஒருநாள் அவன் லீவு. அவன் ஸ்கிரிப்டை நான் ஓட்டினேன். முந்தைய தடவை டீ குடிக்கப் போய், ஐந்து நிமிடம் தாண்டி, செய்த வேலையெல்லாம் திரும்பிப் போன எரிச்சல். அந்த வரியை எடுத்துவிட்டேன்.

பழைய சுவிட்ச் என்று நினைத்து, நான் உள்ளே வந்த சுவிட்ச்சையே அழித்தேன். ஸ்கிரீன் அப்படியே நின்றது. நாற்பது மெஷினும் அவுட்... அருளுக்குப் போன் போட்டேன்.

மதுராந்தகத்தில் மச்சினி கல்யாணப் பந்தியில் இருந்தவன், வேட்டியோடு பைக்கில் வந்தான். சர்வர் ரூமில் கீபோர்டை சர்வரிலேயே நேராகச் செருகி, ஒவ்வொரு கனெக்‌ஷனாக மீட்டான். வரி காணாமல் போனதைப் பார்த்தான். திட்டவில்லை.

"துன்னியா? மூஞ்சி இன்னா இப்டி கீது?"

மறுநாள் மீட்டிங். யார் ஸ்கிரிப்ட் என்று மேனேஜர் கேட்டார். "என்னுது சார்" என்றான்.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வருட டீம் லீட் பதவி உயர்வு லிஸ்டில் எங்கள் இருவர் பெயரும் இருந்தது. எனக்குத்தான் கிடைத்தது. அதன்பிறகு ஆறு வருடம் எனக்குக் கீழே வேலை பார்த்தான், ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. பாவி, ஒரு தடவையாவது சட்டையைப் பிடித்திருக்கலாம்.

இதைப் படிக்கும் பழைய டீம் ஆட்களே... அந்த வரியை எடுத்தது நான். சுவிட்ச்சை அழித்தது நான். அருள் இல்லை.

நாளைக் காலை கருங்குழியில் அடக்கம். மண் போடுவதற்கு முன் இதை அவன் மனைவி ஸ்டெல்லாவிடம் என் வாயால் சொல்ல வேண்டும்.

வர்றேன்டா அருள்.