லயத்து வழியில் என் ஜீப்

நான் வாங்கியபோது அந்த ஜீப்பின் தரைத்தகட்டு ஓட்டை வழியாகக் கீழே மண் தெரிந்தது. கொல்லங்கோட்டில் ஒரு அரிசி மில்லுக்குப் பின்னால் பல வருஷமாகக் கிடந்த வண்டி. என்னைவிட மூத்தது. நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய பெட்ரோல் ஜீப். முதலமடையில் எங்கள் மாந்தோப்புக்கு டிராக்டரும் டெம்போவும் இருக்கும்போது இது எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டார். மலையில் ஓட்டத்தான் என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே கட்டி முடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

பொள்ளாச்சி ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் சுத்தியலால் சேசிஸைத் தட்டிப் பார்த்தார். தட்டின இடமெல்லாம் துரு உதிர்ந்தது.

"ஏனுங்க அம்மிணி, இது இரும்பில்லீங்க, அப்பளமுங்க. பேசாம எடைக்குப் போட்டுரலாமுங்க."

"எடைக்குப் போடறதுக்கா இத்தனை தூரம் கட்டி இழுத்துட்டு வந்தேன்? ஆகுமா ஆகாதா, அத மட்டும் சொல்லுங்கண்ணா."

ஆகும் என்றார். ஒன்றரை வருஷம் ஆனது. இற்றுப்போன பகுதியை வெட்டி எறிந்து புது இரும்பு வைத்தோம். வேறொரு ஜீப்பின் டீசல் இன்ஜினை ஏற்றினோம். அடியில் இருக்கும் ஸ்பிரிங் வில்லுக்குப் பட்டை சேர்த்து உடம்பை ஒரு சாண் உயர்த்தினோம். முன்னால், சேற்றில் சிக்கினால் கம்பி கட்டி இழுக்க வின்ச்; மேலே, வண்டி உருண்டாலும் தலை தப்பிக்க இரும்புக் கூண்டு. கூண்டுக்குக் குழாய் வளைத்தது அவர். வெல்டிங் பாதி நான் வைத்தது. என் மணிக்கட்டில் இன்னும் தழும்பு இருக்கிறது. கடைசியாகச் சேற்று டயர் வாங்கினேன். ஒவ்வொரு பல்லும் என் பெருவிரல் தடிமன். அந்த டயரை நான் பார்த்துப் பார்த்துப் பூரித்ததை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில், மறையூர் தாண்டி மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஜீப் ஓட்டும் போட்டி என்று ஒரு கிளப்பிலிருந்து தகவல் வந்தது. உடுமலை வழியாக நானும் மெக்கானிக் அண்ணனும் போனோம். பேர் எழுதுகிற மேசையில் இருந்தவர், கிளப்பின் தலைவர், என்னைத் தாண்டி அண்ணனைப் பார்த்து, "டிரைவர் பேரு?" என்றார்.

"நான்தான் ஓட்டறேன்" என்றேன்.

"அப்போ இவரு?"

"மெக்கானிக்."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு, "மேடம், கஷ்டமான இடத்துல வண்டிய இவருகிட்ட குடுத்திருங்க" என்றார். என் காது சூடானது. போய் வண்டியில் உட்கார்ந்தேன்.

இருபதுக்கு மேல் வண்டிகள். செம்மண் ஏற்றம், ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் ஓடை. முன்னால் போன வண்டிகள் உழுதுவிட்ட பள்ளத்தில் என் ஜீப் வயிறு தட்டித் தட்டி ஏறியது. ஒரு இடத்திலும் வண்டியை நான் யார் கையிலும் கொடுக்கவில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது அண்ணன் கைதட்டினார். எனக்குச் சந்தோஷம்தான். பொய் சொல்லமாட்டேன்.

அந்த உச்சியில் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கியபிறகுதான் பார்த்தேன். ஏற்றம் முடிகிற இடத்தில் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஒரு லயம் இருந்தது. தகரக் கூரை போட்ட பத்துப் பன்னிரண்டு வீடுகள் ஒரே வரிசையாக. கொடியில் பள்ளிக்கூடச் சீருடைகள். ஒரு வாசலில் கேஸ் சிலிண்டர். சிலிண்டர் எந்த வழியாக வந்திருக்கும் என்று யோசித்தேன். வேறு வழி இல்லை. நாங்கள் உழுதுவிட்டு வந்ததுதான் வழி.

நாலரை மணிக்குக் கொழுந்து எடுக்கப் போனவர்கள் திரும்பினார்கள். முழங்கால் சேற்றில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வரம்பு மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மாள் டயர்ப் பள்ளத்தில் கால் வைத்துச் சறுக்கி விழுந்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

ஓடிப்போய்த் தூக்கினோம். பாதம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. அவர் அழவில்லை. என் முகத்தைப் பார்த்து, "ஏம்மா, நாங்க நடக்குற பாதையில வந்து எதுக்கு இப்படி ஓட்டுறீய? ஒங்க ஊர்ல ரோடு இல்லையா?" என்று கேட்டார்.

மூங்கிலைப் பிளந்து காலோடு வைத்து என் துப்பட்டாவால் கட்டினோம். ஜீப்பின் பின்பக்கம் படுக்கவைத்து, அண்ணன் காலைப் பிடித்துக்கொள்ள, கீழே இறக்க வண்டியைத் திருப்பினேன். தலைவர் ஓடிவந்தார்.

"மேடம், எதிர்ல வண்டி ஏறிட்டிருக்கு. இன்னும் நாலு வண்டி பாக்கி. ரன் முடியட்டும்."

"கால் ஒடிஞ்சிருக்குது. நிறுத்தச் சொல்லுங்க."

"டைமிங் எடுத்திட்டிருக்கோம்."

நான் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் இறங்கினேன். எதிரே வந்த வண்டி தேயிலைக்குள் ஒதுங்கியது. ஆஸ்பத்திரிக்கு ஒன்றே கால் மணி நேரம். ஒவ்வொரு குழியிலும் அந்த அம்மாள் "கர்த்தாவே" என்றார். அந்தக் குழிகளில் சில என் டயர் போட்டவை.

காலுக்குத் தகடு வைத்தார்கள். மூன்று மாதம் நடக்கக்கூடாது என்றார்கள். செலவை ஏற்கச் சொல்லி நான் கிளப்புக்கு எழுதினேன். கலந்துகொண்டவர்களுக்கு என்ன நேர்ந்தாலும் கிளப் பொறுப்பில்லை என்று நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளின் நகலை அனுப்பினார்கள். அந்த அம்மாள் எங்கே கலந்துகொண்டார்? வேலை முடிந்து வீட்டுக்குப் போனார். வழியைச் சரிசெய்யச் சொல்லிப் பஞ்சாயத்தில் கேட்டால் அது எஸ்டேட்டின் சொந்தப் பாதை என்றார்கள்.

வழியை நானே சரிசெய்வது என்று அண்ணனோடு போனேன். மறையூர் பஜாரில் ஒரு பழைய கட்டடத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கல்லையும் செங்கல் உடைசலையும் ஜீப்புக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டி ஏற்றிக்கொண்டு வந்தோம். பாதிவழியில் எஸ்டேட் மேனேஜர் மறித்தார்.

"எஸ்டேட் ரோட்டுல கல்லுப் போட பெர்மிஷன் வேணும்."

"வண்டி விட்டு உழுததுக்கு?"

"அதுக்குக் கிளப் பெர்மிஷன் வாங்கியிருந்தது."

வழியைக் கெடுக்க அனுமதி உண்டு, சரிசெய்ய இல்லை. கேஸ் கொடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி டிரெய்லரைச் சாய்த்தேன். அவர் போனில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே போனார். யாரும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து லயத்து ஆட்கள் கூடையும் கடப்பாரையுமாக வந்தார்கள். யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. தண்ணீர் ஓட வழி இல்லாமல் கல் நிற்காது என்று ஒரு பெரியவர் ஓரத்தில் வாய்க்கால் வெட்டவைத்தார். அவர் சொன்னபடியே செய்தோம். நான்கு ஞாயிறு ஆனது. வின்ச் கட்டிப் பாறைகளை இழுத்ததில் கம்பி ஒருமுறை அறுந்தது. இப்போது அந்த வழியில் ஆட்டோ ஏறுகிறது. அந்த அம்மாள் வேலைக்குத் திரும்பிவிட்டார். நடை மட்டும் சரியாகவில்லை. இறக்கத்தில் பக்கவாட்டில்தான் கால் வைக்கிறார்.

அடுத்த மழைக்குப் பிறகு கிளப் தலைவர் என்னை ஃபோனில் கூப்பிட்டார். அந்த வழியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"மேடம், எவ்வளவு நல்ல டிராக் அது. நீங்க போய்க் கெடுத்துட்டீங்களே."

விளையாட்டாகச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார். ஃபோனை வைத்துவிட்டேன். அது டிராக் இல்லை, லயத்து ஆட்கள் வீட்டுக்குப் போகிற வழி என்று சொல்லியிருக்க வேண்டும்.