முதல் விதி: சத்தம் போடக்கூடாது

போன செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்குத் தையல் மெஷினை நிறுத்தினேன். நூல் அறவில்லை, ஊசி உடையவில்லை. வெளியே சத்தம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

என்ன சத்தம் என்கிறீர்களா?

எங்கள் வாசலிலிருந்துதான் மேல் ரோட்டுக்கு ஒற்றையடிப் பாதை ஏறுகிறது. இரண்டு பக்கமும் தேயிலை. இங்கிருந்து எட்டுப் பிள்ளைகள் அதில் ஏறிப் பள்ளிக்கூடம் போகிறார்கள். என் மகள் தர்ஷினி அதில் ஒருத்தி. ஆறாம் வகுப்பு. போகும்போது கத்திக்கொண்டேதான் போவார்கள். பாட்டு, வாய்ப்பாடு, யார் வீட்டு நாயின் பெயராவது... எதுவானாலும் சரி.

காரணம் இருக்கிறது. செடிக்குள் கரடி படுத்திருக்கும். காட்டெருமை மேயும். மனிதர் வருவது தூரத்திலேயே கேட்டுவிட்டால் அவை பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ளும். கேட்காமல் பக்கத்தில் போய் நின்றால்தான் ஆபத்து. இலை பறிக்கப் போகிறவர்களும் ஒரு கூச்சல் போட்டுவிட்டுத்தான் தேயிலைக் காட்டுக்குள் இறங்குவார்கள். இங்கே பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே கத்தவும் பழகிவிடுகிறார்கள்.

நான் தைத்துக்கொண்டே அந்தச் சத்தத்தின் பின்னால் போவேன். தண்ணீர்த் தொட்டி தாண்டியாச்சு... பாறைத் திருப்பம்... ரோடு ஏறியாச்சு. அதன்பிறகுதான் எனக்கு டீ இறங்கும்.

அன்றைக்குத் தொட்டிப் பக்கம் சத்தமே இல்லை. பனி வேறு. திருப்பத்திலும் இல்லை.

ஓடினேன். செருப்புகூடப் போடவில்லை. கையில் பொத்தான் டப்பா இருப்பதே பாதி வழியில்தான் தெரிந்தது.

திருப்பத்துக்குக் கொஞ்சம் கீழே பிள்ளைகள். ஒருவர் பின் ஒருவராக, வரிசையாக... உதட்டில் விரலை வைத்துக்கொண்டு! அவர்களுக்கு மேலே, பனிக்குள், பாதையை அடைத்துக்கொண்டு கறுப்பாக ஒரு முதுகு. காட்டெருமை. தலை குனிந்து மேய்ந்துகொண்டிருந்தது. தள்ளி நின்ற என் கண்ணுக்குத் தெரிந்தது. பாறையை ஒட்டிப் போன பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அதற்கும் பிள்ளைகள் வருவது தெரியவில்லை.

கத்த வேண்டும். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

உங்களுக்குத்தான் தெரியுமே — வாரா வாரம் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் வளவளவென்று பேசுகிறவளுக்கு நேரில் நாலு பேர் முன்னால் குரல் எழும்பாது. டப்பாவைக் கலகலவென்று ஆட்டினேன். இரண்டு கையாலும், பைத்தியம் பிடித்த மாதிரி.

குனிந்த தலை நிமிர்ந்தது. எங்கள் பக்கம் பார்த்தது. எவ்வளவு நேரம்? எனக்கு ஒரு வருஷம். பிறகு, அவசரமே இல்லாமல், ஓடைப் பக்கம் இறங்கிப் போய்விட்டது.

பிள்ளைகள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே பார்க்கவே இல்லை.

"அத்தே, பஞ்சுமிட்டாய்க்காரர் மணியடிச்சுட்டு வர்றாருன்னு நெனச்சேன்!" என்று ஒருத்தி சிரித்தாள்.

"ஏம்மா இப்படிச் சத்தம் போடறீங்க? மானம் போகுது" என்றாள் என் மகள்.

"ஏன் அம்முணி, இன்னைக்கு யாரும் வாயே தொறக்கல?"

"காட்டுல சத்தம் போடக்கூடாதும்மா. நேத்து ஏஐ சொல்லுச்சு. டீச்சர் சார்ட்டுல எழுதி ஒட்டச் சொன்னாங்க."

"கத்திட்டே போகோணும்னு நான் தெனமும் சொல்றது?"

"நீங்க பத்தாவதுதானம்மா..."

குத்திக்காட்டவில்லை. ஏதோ தகவல் சொல்வதுபோல் சொன்னாள். அதுதான் வலித்தது.

பிள்ளைகளோடேயே பள்ளிக்கூடம்வரை போனேன். வெறுங்காலோடு.

டீச்சர் சின்னப் பெண். கோயமுத்தூர்ப் பக்கம். போன ஜூனில் வந்தவர். ஊட்டியில் தங்கிக்கொண்டு, பஸ்ஸில் வந்து பள்ளிக்கூட வாசலிலேயே இறங்குவார். எங்கள் பாதையில் ஒருநாளும் நடந்ததில்லை. ஆனால் நல்லவர். தன் செல்போனையே வகுப்பு டிவியில் இணைத்து, பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கெல்லாம் ஏஐயிடம் பதில் வாங்கித் தருகிறார். மீன் தூங்குமா என்று கேட்டால்கூடத் தமிழில் பதில் சொல்லுமாம். தர்ஷினிக்கு வீட்டில் வேறு பேச்சே கிடையாது. நானும் சந்தோஷப்பட்டவள்தான். எனக்குக் கிடைக்காதது இவளுக்காவது கிடைக்கிறதே!

சுவரில் சார்ட் இருந்தது. என் மகளின் கையெழுத்து. 'விலங்குகள் உள்ள இடத்தில் நடக்கும்போது — பத்து விதிகள்.' முதல் விதி: சத்தம் போடக்கூடாது.

"ஏனுங்க டீச்சர்..." என்றேன். அதற்குமேல் வரவில்லை. பொத்தான் டப்பாவைத் தூக்கிக் காட்டினேன். பாவம், அவருக்கு என்ன புரியும்?

"உக்காருங்கக்கா. என்னாச்சுங்க? மொதல்ல தண்ணி குடிங்க."

துண்டு துண்டாகச் சொல்லி முடித்தேன். டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது.

"சஃபாரி போனப்ப எங்களையும் சத்தம் போடாதீங்கன்னுதானுங்க சொன்னாங்க. அதனால இது சொன்னதும் சரின்னு நெனச்சுட்டேனுங்க..."

சஃபாரி போவது ஜீப்பில். பிள்ளைகள் போவது நடந்து.

செல்போனை எடுத்து, நான் சொன்னதை அப்படியே அதனிடம் கேட்டார். அது ஒரு நொடிகூடத் திகைக்கவில்லை. 'நீங்கள் சொல்வது மிகவும் சரி. தேயிலைத் தோட்டப் பாதையில் சத்தமாகப் பேசிக்கொண்டு நடப்பதே பாதுகாப்பானது. தவறுக்கு வருந்துகிறேன்.' இனிமையான குரல்.

"இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமுல்ல!" என்றார் டீச்சர்.

காட்டெருமையைப் பார்த்தபோது வந்த பயம் ஒரு பயம். அந்தக் குரலைக் கேட்டபோது வந்தது வேறு பயம். நேற்று 'கத்தாதே' என்றது. இன்று 'கத்து' என்கிறது. இரண்டுக்கும் ஒரே குரல்! எனக்குத் தெரியாததை நான் சொன்னால் குரல் இழுக்கும். மகள் உடனே கண்டுபிடித்துவிடுவாள். இதன் குரல் இழுக்கவே இல்லையே... எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

டீச்சர் வகுப்புக்கு முன்னால் போய் நின்றார். "நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். இனிமே நம்ம ஊரு பாதையப் பத்தி நம்ம ஊருக்காரங்ககிட்டத்தான் மொதல்ல கேக்கோணும். எனக்கும் தெரியாது. நானும் கேட்டுக்கறேன்" என்றார். இப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. நான் தரையைப் பார்த்தேன்.

முதல் விதியை அடித்துவிட்டார்கள். புதன்கிழமையிலிருந்து பாதையில் மறுபடியும் கூச்சல். தொட்டி... திருப்பம்... ரோடு. டீ குடிக்கிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டதுதானே?

பாதை என் வாசலில் இருக்கிறது. அதனால் அந்த ஒரு தப்பு என் கண்ணில் பட்டது. என் வாசலில் இல்லாதவை எத்தனை? வரலாறு, அறிவியல், காய்ச்சலுக்கு என்ன சாப்பிடலாம் என்பதுவரை அதைத்தானே கேட்கிறார்கள்? அதிலெல்லாம் அது இழுக்காத குரலில் என்ன சொல்லிவைத்திருக்கிறதோ, பத்தாவது படித்த எனக்கு எப்படித் தெரியும்? டீச்சருக்கே எப்படித் தெரியும்?

அன்று கிளம்புமுன் மிச்சமிருந்த ஒன்பது விதிகளையும் படித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. முதல் விதியும் டீச்சருக்கு அப்படித்தானே தெரிந்திருக்கும்...

பொத்தான் டப்பா இப்போது தர்ஷினியின் பள்ளிக்கூடப் பையில் இருக்கிறது. சட்டைக்குப் பொத்தான் வைக்க வேண்டியவர்கள் சாயங்காலம் அவள் வீடு வந்தபிறகு, நாலரைக்கு மேல் வாருங்கள்.