‘உவன்’ என்று ஒரு வேனுக்குப் பெயர் வைத்து யாழ்ப்பாணம் போன கதை

யாழ்ப்பாணத்துக்குக் கோயில் பார்க்கப் போகிறவர்கள் உண்டு, கடல் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. நண்டுக் குழம்புக்காகவே விமானம் ஏறுகிற ஒருவரையும் எனக்குத் தெரியும். நான் ஒரு வேனின் பெயரைக் காட்டப் போனேன். போன மாசி மாதம், வியாழன் காலை கிளம்பி ஞாயிறு மதியம் திரும்பினேன். சாப்பாடு, தங்குமிடம், தூரம் எல்லாம் வழக்கம்போலச் சொல்லிக்கொண்டே வருகிறேன். நடுவில் என் மானம் போன கதையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எதுவும் புரியாது. சென்னையில் ஒரு கார் கம்பெனியில், வண்டிகளுக்குப் பெயர் முடிவு செய்யும் பிரிவில் இருக்கிறேன். எங்களுக்கு இரண்டு பிராண்டுகள். ஒன்று சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கு. விலை குறைவு, உழைப்பு அதிகம். இன்னொன்று மிடுக்கானது, கல்யாணத்துக்குப் போய் இறங்கினால் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும். இலங்கையில் வாகன இறக்குமதிக்கு இருந்த தடை நீங்கியதும் எங்கள் புது வேனை அங்கேயும் விற்பது என்று முடிவானது. ஒரே வேன், எல்லா நாட்டிலும் ஒரே பெயர், மிடுக்கான பிராண்டில் மட்டும். விளம்பர வாசகம் ‘மதிப்புக்குரியவர்களின் வாகனம்’. பெயர் ‘உவன்’.

இலக்கணம் ஒழுங்காகப் படித்தவர்கள் இங்கேயே சிரித்திருப்பீர்கள். நான் சிரிக்கவில்லை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தேடிக் கொடுத்த பெயர் அது. எந்த மொழியிலும் பொருள் கிடையாது, எந்த வாயிலும் சுலபமாக நுழையும் என்றார்கள். மொழிக்கு ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தமிழுக்கு நான். ‘தமிழில் பொருள் ஏதும் இல்லை, பயன்படுத்தலாம்’ என்று எழுதி, கையெழுத்துக்குக் கீழே பெருமையாக ஒரு கோடும் இழுத்தேன். வேனின் பின்னால் ஒட்டும் பெயர்ப் பட்டைக்குத் திங்கட்கிழமை அச்சு வெட்ட வேண்டும். அதற்குள் யாழ்ப்பாணத்தில் சிலரிடம் படத்தைக் காட்டி அபிப்பிராயம் கேட்டு வா என்றார்கள். இந்த வேன் நல்லபடியாக இறங்கினால் பிரிவின் பொறுப்பே எனக்கு என்று அலுவலகத்தில் பேச்சு வேறு. ஆக, குஷியாகக் கிளம்பினேன்.

சென்னையிலிருந்து பலாலிக்கு ஒரு மணி இருபது நிமிடம். சின்ன விமானம், ஜன்னல் இருக்கை கிடைத்தால் கடலின் நிறம் மாறுவதைப் பார்க்கலாம். வெளியே தவராசா என்ற ஓட்டுநர் எனக்காகக் காத்திருந்தார். அரியாலைக்காரர், ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், எல்லாரும் ‘தவம் அண்ணை’ என்றே கூப்பிடுகிறார்கள். நாள் முழுக்கக் கார், பெட்ரோலோடு சேர்த்து பன்னிரண்டாயிரம் இலங்கை ரூபாய். பலாலியிலிருந்து நகரத்துக்குப் பதினெட்டு கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம். இருபக்கமும் செம்மண் தோட்டங்கள், வெங்காயம், புகையிலை. பாதி வழியில் ஒரு கடையில் பிளேன்ரீ, அதாவது பால் இல்லாத தேநீர், குடிக்க நிறுத்தினோம். அங்கேதான் என் பையிலிருந்த விளம்பரத் தாள் அவர் கண்ணில் பட்டது.

“உது என்ன பிள்ளை, ‘உவன்’ எண்டு போட்டிருக்கு?”

“வேனோட பேர் அண்ணா.”

“வானுக்குப் பேரோ?” என்றார், வேனை அங்கே வான் என்பார்கள். பிறகு தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். சிரிப்பில் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.

கட்டாயப்படுத்திக் கேட்டதும் சொன்னார். “அவன், இவன், உவன். நாங்கள் நாளுக்கு நூறு தரம் சொல்லுற சொல்லு. இஞ்சை நிக்கிறவன் இவன். அங்கை நிக்கிறவன் அவன். உங்களுக்குப் பக்கத்திலை நிக்கிறவன், இல்லாட்டி இப்ப நாங்கள் கதைச்ச ஆள், உவன். மரியாதை குடுக்கிற ஆளெண்டால் உவர். உவன் எண்டால் சின்னப் பெடியன், இல்லாட்டிக் கணக்கெடுக்கத் தேவையில்லாதவன்.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. அ, இ, உ சுட்டெழுத்துகள் என்று பள்ளியில் ஒப்பித்திருக்கிறேன். ‘உ’ இப்போது வழக்கில் இல்லை என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். வழக்கில் இல்லாத அந்த எழுத்து, நான் வந்து இறங்கி ஒரு மணி நேரத்துக்குள் ஒரு தேநீர்க் கடையில் எத்தனை தடவை வந்தது என்று எண்ண எனக்குத் தைரியம் இல்லை.

சரி, ஒரு ஓட்டுநர் சிரித்தார், அவ்வளவுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நல்லூர்ப் பக்கம் அறை, ஒரு இரவுக்கு எட்டாயிரத்து ஐந்நூறு, காலைச் சாப்பாடு சேர்த்து. மதியம் நண்டுக் குழம்போடு சோறு ஆயிரத்து நானூறு. கையைக் கழுவிய பிறகும் மணம் மாலை வரை போகவில்லை, எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

மாலை நாலரைக்கு அரியாலை, நகரத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர். களப்பு என்கிற கடல்நீரேரியின் கரையில் சிவநேசன் என்ற மீன் வியாபாரியைப் பார்த்தேன். மீனும் நண்டும் வாங்கி ஐஸ் போட்டுக் கொழும்புக்கு அனுப்புகிறவர். படத்தைக் காட்டினேன். கதவு எவ்வளவு அகலம், தரை துருப்பிடிக்குமா, உப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவலாமா என்று கேட்டார். பெயரை வாசித்ததும் அவருக்கும் சிரிப்பு.

“நல்ல பேர்” என்றார். “உவனைக் கொண்டா, உவனைக் கழுவு, உவனை அனுப்பு. வேலை செய்யிற வாகனத்துக்கு மரியாதை என்னத்துக்கு? எனக்கு உவன் காணும்.” போதும் என்பதை அங்கே காணும் என்பார்கள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு வியாபாரிக்குப் பிடித்துவிட்டது என்று அன்றிரவே அறிக்கையில் எழுதினேன். தவம் அண்ணையின் சிரிப்பைப் பற்றி எழுதவில்லை. நேர்மையாகச் சொன்னால், எழுதக்கூடாது என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு அளவெட்டி. நகரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பேர்போன ஊர் என்று சொல்வார்கள். ஒரு நாதஸ்வரக் குழுவின் வீட்டுக்குப் போனோம். குழுவை நடத்துகிறவர் வித்துவான் கணேசு. எந்தக் கோயிலுக்கு எந்த நாள் என்று ஒத்துக்கொள்வதும், எந்த வாகனத்தில் போவது என்று முடிவு செய்வதும் அவர் மனைவி இராசாத்தி அக்கா. பத்துப் பேர், இரண்டு தவில், நாதஸ்வரப் பெட்டிகள். திருவிழாக் காலம் முழுக்க ஊர் ஊராக ஓட்டம். எங்கள் வேன் இவர்களுக்காகவே செய்த மாதிரி இருந்தது.

இராசாத்தி அக்காவுக்கும் அப்படித்தான் தோன்றியது. இழுத்துத் திறக்கும் கதவு பிடித்தது. தவிலைப் படுக்க வைக்காமல் வைக்கலாம் என்பது ரொம்பப் பிடித்தது. “வடிவான வாகனம்” என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு தாளைத் திருப்பிப் பெயரை வாசித்தார். தாளை மடித்து என் கையில் தந்தார்.

“நல்ல வாகனம் பிள்ளை. எங்களுக்கு வேண்டாம்.”

“ஏன் அக்கா?”

“கோயில் வாசல்லை இவர் வந்திறங்கேக்கை ஐயர்மார் நிப்பினம், சனம் நிக்கும். ‘வித்துவான் உவனிலை வந்திறங்கினார்’ எண்டு ஆரும் சொல்லேலுமோ? மரியாதைக்குரிய ஆக்களின்ரை வாகனம் எண்டு நீங்கள்தானே எழுதியிருக்கிறியள்.”

“‘உவர்’ எண்டு மாத்தச் சொல்லு, நாளைக்கே எடுப்பம்” என்றார் வித்துவான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் அக்கா சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். “இதுக்குத் தமிழ் ஆர் பாத்தது?”

கம்பெனி பார்த்தது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் அதுதான் இருந்தது. “நான்தான் அக்கா” என்றேன்.

“நீங்களும் தமிழ்தானே பிள்ளை?” என்று கேட்டார். குத்திக் காட்டவில்லை, உண்மையிலேயே புரியாமல் கேட்டார். அதுதான் எனக்கு வலித்தது. அவர் தந்த மோரைக் குடிக்க முடியவில்லை. என் தெருவில், என் அலுவலகத்தில், என் தொலைபேசியில் இல்லாத சொல் தமிழிலேயே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

வெளியே வந்து, தவம் அண்ணையின் காருக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றே எங்கள் துறைத் தலைவரைக் கூப்பிட்டேன். காலை பத்து ஐம்பது. நடந்ததைச் சொன்னேன், முதல் நாள் மறைத்ததையும் சேர்த்து.

“யாழ்ப்பாணம் சின்ன மார்க்கெட் தானேம்மா” என்றார் அவர். “எல்லா நாட்டுக்கும் ஒரே பேருன்னு முடிவாயிடுச்சு. ஒரு ஊருக்காக எப்படி மாத்தறது?”

“சார், வேனை மாத்த வேண்டாம். வேன் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. மீன் வியாபாரிக்குப் பேரும் பிடிச்சிருக்கு. சரக்கு ஏத்தறவங்களுக்கு இதே வேனை நம்ம சரக்கு பிராண்டுல ‘உவன்’னே வித்துடலாம். ஆள் ஏத்தற வேனுக்கு, மேல் பிராண்டுல, வேற பேர் வேணும். மரியாதைன்னு விளம்பரம் எழுதிட்டு, மரியாதை இல்லாத பேர் வைக்க முடியாது. ஒரே வண்டிதான் சார், ஆனா வந்து நிக்கற வாசல் வேற வேற.”

“உன் கையெழுத்தைப் பார்த்துட்டுத்தான் நான் போட்டேன்” என்றார்.

“தெரியும் சார். நான் எழுதினது தப்பு. எழுத்துல தர்றேன்.”

வைத்துவிட்டார். வரவிருந்த பதவி போயிற்று என்றே நினைத்தேன். தவம் அண்ணை கார்க் கதவைத் திறந்துவிட்டு, “வாங்கோ பிள்ளை, முதல்லை சாப்பிடுவம்” என்றார். ‘ஓம்’ என்றேன், அங்கே ஆமாம் என்பதற்கு அதுதான் சொல். வாயில் தானாக வந்துவிட்டது. அவர் அதற்கும் சிரித்தார்.

சனிக்கிழமை வேலை எதுவும் இல்லை. நகரத்திலிருந்து சாவகச்சேரிக்குப் பேருந்தில் போனேன், பதினாறு கிலோமீட்டர், நூறு ரூபாய். சந்தையில் பலாப்பழம் வாங்கி, அங்கேயே பாதியைத் தின்றேன். மனசு சரியில்லாத நாளுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். விசாவை இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். மாசி நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. வாடகைக் காரை ஒரு நாளைக்கு மட்டும் எடுத்து, மற்ற நாட்களில் பேருந்தில் போங்கள், சனங்களோடு கதைக்கலாம். ஓட்டுநரை ‘அண்ணை’ என்று கூப்பிடுங்கள். வேறு நாட்டில் பொருள் விற்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று: உங்கள் மொழியே பேசுகிற ஊரில்தான் அதிகமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாத மொழி என்றால் நாம் பயந்து, நாலு பேரைக் கேட்டுச் செய்வோம். தெரிந்த மொழி என்றால் கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டுவிடுவோம்.

திங்கட்கிழமை அச்சு வெட்டவில்லை. சரக்கு வேன் ‘உவன்’ என்ற பெயரோடு இலங்கைக்குப் போகப்போகிறது. சிவநேசன் முதல் ஆளாக வண்டிக்குப் பதிவு செய்திருக்கிறார். பிரிவின் பொறுப்பு வேறொருவருக்குப் போய்விட்டது. இரண்டு நாள் அழுதேன், மறைப்பானேன். பெயர் பார்க்கும் வேலை மட்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, ஒரு மாற்றத்தோடு: தமிழுக்கு இனி இரண்டு பேர் பார்க்க வேண்டும், இரண்டாவது ஆளை நானே தேடிக்கொள்ள வேண்டும். நான் அளவெட்டிக்குத்தான் போன் போட்டேன். ஆள் ஏற்றும் வேனுக்கு இதுவரை மூன்று பெயர்கள் அனுப்பியிருக்கிறேன். நேற்று மூன்றாவதற்கும் பதில் வந்தது. பின்னால் தவில் சத்தம், முன்னால் இராசாத்தி அக்காவின் குரல்: “பிள்ளை, உதுவும் வேண்டாம்.”