ஐஸ் பெட்டிக்கு முன்னால் நான்கு அட்டைகள்

"இவ ஏர்போர்ட்டுக்கு ஓடிட்டாளே, கடைய யாரு பாத்துக்கறது?" என்று கேட்டான் வெண்டல்.

யோலா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்தக் கடைய?"

"ஐஸ்கிரீம் கடைய. படம் முழுக்க அங்கதான வேல பாக்கறா? இப்ப அப்படியே போட்டுட்டு ஓடறா. பூட்டக்கூட இல்ல."

"காதல் வந்துட்டா பூட்டெல்லாம் ஞாபகம் இருக்காது."

"ஐஸ்கிரீம் உருகுமே."

"வெண்டல், வாய மூடிட்டுப் பாரு."

இரண்டு நிமிடம் மூடினான். பிறகு, "அந்தப் பையன் பெட்டிய உள்ள அனுப்பியிருப்பானே? இவன் இங்க கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னா, பெட்டி மட்டும் தனியா நியூயார்க் போயிடும்."

"உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கறதாலதான் பெட்டியப் பத்திக் கவலப்படறேன்."

படம் முடிந்தது. கேசட்டை ரீவைண்ட் செய்யப் போட்டுவிட்டு, அது சுற்றும் சத்தத்துக்கு நடுவே அவன் சொன்னான்: "நானும் போறேன். ஜார்ஜியாவுக்கு. கரண்ட் கம்பம் ஏறக் கத்துக்கொடுக்கற பள்ளிக்கூடம். ஜூன் பத்து, சனிக்கிழம, பத்து மணி பஸ்."

"எத்தன நாளு?"

"பதினஞ்சு வாரம். அப்புறம் வேல எங்க கிடைக்குதோ அங்க."

யோலா கேசட்டின் காலி உறையைத் திறந்து மூடினாள். "சரி," என்றாள். "அடுத்த கேசட்ட எடு."

அது இரண்டாயிரமாவது ஆண்டு, மே மாதம். ஏரிக்கரையிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் இருந்த அந்த அமெரிக்க ஓஹையோ மாநிலத்து ஊரில் கேசட் கடை ஒன்றுதான், இருவரும் வேலை பார்த்தது அங்கேதான். பள்ளிக்கூடக் காதல் படங்களுக்கென்று அங்கே ஒரு தனிச் சுவர் இருந்தது. யோலா பியெட்சாக் அந்தச் சுவரில் இருந்த அத்தனை படங்களையும் பார்த்தவள். அவற்றின் குறைகள் அவளுக்குத் தெரியாமல் இல்லை. பதினேழு வயது என்று வந்து நிற்பவனுக்கு நெற்றியில் மூன்று கோடு. யாருக்கும் கணக்குப் பரீட்சை கிடையாது. கண்ணாடி போட்ட பெண் அழகி இல்லை, கழற்றினால் அழகி. யோலா ஒரு முறை கழற்றிப் பார்த்தாள். கடையின் கண்ணாடிக் கதவில் போய் முட்டிக்கொண்டாள். கதாநாயகியின் தோழி பாதிப் படத்தில் காணாமல் போவாள், அவளை யாரும் தேட மாட்டார்கள். யோலாவின் முகவெட்டுக்குப் பொருத்தமான வேடம் அந்தத் தோழிதான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஆனாலும் பார்த்தாள். எண்பது நிமிடம் வாய் திறக்காத ஒரு பெண்ணுக்குக் கடைசியில் ஐந்து நிமிடம் கொடுக்கிறார்கள். அவள் எல்லாவற்றையும் சொல்கிறாள். ஊரே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறது. வீட்டில் போலிஷ், பள்ளியில் ஆங்கிலம், சனிக்கிழமைகளில் மாதா கோவிலின் அடித்தளத்தில் போலிஷ் இலக்கணம் என்று வளர்ந்து, இரண்டு மொழியிலும் "சரி"க்கு மேல் பேசத் தெரியாமல் போனவளுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் எங்கே கிடைக்கும்?

வெண்டல் கிரெப்ஸைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் "நல்ல பையன்" என்பார்கள். அதற்குமேல் எதுவும் சொல்ல மாட்டார்கள். பள்ளி பேண்டு வாத்தியக் குழுவின் புகைப்படத்தில் அவன் முகத்தைப் பெரிய ஊதுகுழலின் வாய் மறைத்திருக்கும். கையில் எப்போதும் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். மழையில் நனைந்த கேசட் வந்தால் சட்டை நுனியால் துடைப்பான். எந்தப் படத்தையும் திட்டாமல் பார்க்க மாட்டான். ஆனால் எழுந்து போகவும் மாட்டான்.

ஜூன் பத்து, காலை ஒன்பதே முக்கால். கடையில் யோலா மட்டும் இருந்தாள். "பத்து நிமிடத்தில் வருகிறேன்" அட்டையைக் கதவில் தொங்கவிட்டுவிட்டு ஓடினாள். பையில் நான்கு குறிப்பு அட்டைகள் இருந்தன. ஒரு வாரமாக எழுதி எழுதித் திருத்தியவை. பஸ் நிற்பது நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்கில். படங்களில் வருவதுபோல மழை பெய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நல்ல வெயில். கடையின் பச்சை நிற மேல்சட்டையைக் கழற்ற மறந்துவிட்டாள். "என்ன படம் பார்க்கலாம்? என்னைக் கேளுங்கள்!" என்ற வட்ட வில்லை அவள் நெஞ்சில் மின்னியது.

வெண்டல், ஐஸ் மூட்டைகள் அடுக்கிய ஐஸ் பெட்டிக்குப் பக்கத்து பெஞ்சில், கால்களுக்கு நடுவே பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யோலா அவன் முன்னால் நின்றாள், மூச்சு வாங்கினாள், முதல் அட்டையை உரக்கப் படித்தாள். இரண்டாவதையும் படித்தாள். மூன்றாவதின் நடுவில், தூண்டிலும் புழு டப்பாவுமாக ஒரு மீன்காரர் வந்து நின்றார்.

"தங்கச்சி, நல்லாத்தான் பேசற. ஆனா ஐஸ் பெட்டிக் கதவ மறைச்சுக்கிட்டு நிக்கற."

யோலா நகர்ந்தாள். அவர் இரண்டு மூட்டை ஐஸ் எடுத்தார். போகவில்லை, மிச்சத்தைக் கேட்க நின்றார். அவள் நான்காவது அட்டையையும் படித்து முடித்தாள். இந்த இடத்தில் படங்களில் கைதட்டல் வரும். இங்கே பெட்ரோல் குழாய் 'டக்' என்று நின்றது.

வெண்டலின் காது சிவந்திருந்தது. "யோலா," என்றான், "கடைய யாரு பாத்துக்கறா?"

அவள் வாயைத் திறக்குமுன் பங்கின் கல்லாக்காரம்மா லொரெய்ன் கதவுக்கு வெளியே தலையை நீட்டினாள். "கண்ணுங்களா, பஸ்ஸு டொலிடோவுலயே இன்னும் கிளம்பலையாம். ஒண்ணே முக்கா மணி நேரம் ஆகும்."

எல்லாவற்றையும் சொல்லிவிட்ட பிறகு ஒன்றே முக்கால் மணி நேரம் என்ன செய்வது என்று எந்தப் படத்திலும் காட்டியதில்லை. ஓடி வந்தவள் நடந்து திரும்பவும் முடியாது. யோலா பெஞ்சின் மறு நுனியில் உட்கார்ந்தாள். மீன்காரர் ஐஸ் உருகுகிறது என்று மனசில்லாமல் போனார். வெண்டல் உள்ளே போய் இரண்டு நீல நிற ஐஸ் சர்பத் வாங்கி வந்தான். இருவர் நாக்கும் நீலமானது.

"ரெண்டாவது அட்ட உன்னோடது இல்ல," என்றான் கடைசியில். "என் சிரிப்பு உன் உலகத்தையே நிறுத்துதுன்னு. நான் பல்லு தெரியற மாதிரி சிரிக்கறதே இல்ல."

"இல்ல. அது படத்துல வந்தது."

"ஒண்ணாவது?"

"அதுவும் படம்தான். நாலாவது ரெண்டு படம்."

"நான் பஸ்ஸுல போகத்தான் போறேன், யோலா. சேந்தாச்சு."

"தெரியும். நிறுத்த வரல." பிறகு உண்மையைச் சொன்னாள். "வரும்போது நிறுத்தத்தான் வந்தேன்."

அன்று அவன் பஸ் ஏறிப் போனான். பையும் அவனோடுதான் போனது. கடை இரண்டு மணி நேரம் பூட்டாமல் கிடந்தது. திருடுபோனது எதுவும் இல்லை, அதில் யோலாவுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. இன்று அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். பனிப்புயல் வந்தால் வெண்டல் மூன்று நாள் கம்பத்தின் மேலேயே இருக்கிறான். திரும்பி வந்து பூட்ஸைக் கழற்றாமல் அடுப்பங்கரையில் நின்று பீட்ரூட் சூப் குடிக்கிறான். தரையில் விழும் தடத்தைப் பற்றி யோலா இரண்டு மொழியிலும் நீளமாகப் பேசுகிறாள்.

அது பிறகு. அந்தச் சனிக்கிழமை, பஸ் வர இன்னும் இருபது நிமிடம் இருந்தபோது, வெண்டல் பையைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு அவளருகே நகர்ந்து உட்கார்ந்தான்.

"மூணாவது அட்ட," என்றான். "நீ பேசாம இருக்கறப்ப நானும் பேசாம இருப்பேன், நீ எப்ப பேசுவியோன்னு பாத்துக்கிட்டிருக்க மாட்டேன்னு என்னப் பத்தி எழுதியிருந்தியே. அது எந்தப் படம்?"

"அது படம் இல்ல."

அவன் கையிலிருந்த ரப்பர் வளையத்தை இரண்டு சுற்று சுற்றினான்.

"அத மட்டும் இன்னொரு தடவ படி. சத்தமா வேணாம். எனக்குக் கேட்டாப் போதும்."