மோட்டார்க்காரரின் கடைசிப் பாட்டு

மோட்டார்க்காரருக்கு ரெண்டு வேலை. ஒன்று, எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுவது. அது சோறு போட்டது. இன்னொன்று, வீட்டுக் கம்ப்யூட்டரில் பாட்டு சிடி போட்டுக் கொடுப்பது. அது சொந்தபந்தத்தை ஓட ஓட விரட்டியது.

சிடி போடுவதில் மனுஷர் கில்லாடிதான், சும்மா சொல்லக் கூடாது. பாட்டை வெறும் ஃபைலாக ஏற்றினால் வீட்டு பிளேயர் திருதிருவென்று விழிக்கும். அதனால் ஆடியோ சிடியாகவே போடுவார். வேகமாகப் பதிந்தால் திக்கும் என்று நிதானமாகப் பதிவார். எல்லாம் முடிந்ததும் சிடியை மூட வேண்டும். மூடாத சிடியில் பாட்டு சேர்த்துக்கொண்டே போகலாம், ஆனால் வீட்டு பிளேயர் அதைச் சீண்டாது. மூடிவிட்டாலோ, எந்தக் கொம்பனாலும் இன்னொரு பாட்டு சேர்க்க முடியாது.

வம்பெல்லாம் மூடுவதற்கு முன்னால்தான். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடிய பாட்டைக் கடைசியில் நைசாகச் செருகிவிடுவார். ‘சுத்து சுத்து மோட்டாரே, மாடிக்குத் தண்ணி ஏத்திடு’ என்று தொடங்கும். ரெண்டாவது அடி முடிந்ததும் ஒரு இருமல். பட்டறையில் பதிந்தபோது காயிலுக்குப் பூசும் வார்னிஷ் நெடி தொண்டையில் ஏறி வந்தது அது. வெட்டியெறிய மனசு வரவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே! வீட்டிலோ, அந்தப் பாட்டு ஓடாத நாளே கிடையாது.

சகலை புது பிளேயர் வாங்கி, சிடி ஒன்று கேட்டார். பாட்டென்றால் உயிரை விடுகிற ஆள். யாராவது வாய் திறந்து பாடினால் மூக்கைச் சுளிக்கிற ஆளும்கூட. அவர் ஒரே ஒரு தடவை தலையாட்டிவிட்டால் போதும், பிறந்த பயன் கிடைத்துவிடும் என்று மோட்டார்க்காரர் ஏங்கினார்.

மனைவி விரலை ஆட்டினாள். “இத பாருங்க, எங்க அக்கா வீட்டுக்குப் போற சிடி. உங்க மோட்டார் அதுல ஓடுச்சு, அப்புறம் நான் சும்மா இருக்க மாட்டேன்.”

“சேச்சே, நான் போய் அப்படிச் செய்வேனா?” என்றார், பால் குடித்த பூனை மாதிரி.

சகலை வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய நாளன்று பதினொரு சினிமாப் பாட்டைப் பதிந்து, சிடியை மூடாமல் விட்டுவிட்டுக் குளிக்கப் போனார். எத்தனை வருஷமாகப் பார்க்கிறாள் அவள்! வந்தாள், மூடினாள், போய்த் தலை வார ஆரம்பித்தாள். அவர் துண்டோடு வந்து தன் பாட்டைச் சேர்க்கப் பார்த்தால், கம்ப்யூட்டர் முடியவே முடியாது என்றது.

“ஏம்மா, இதைத் தொட்டியா?”

“எனக்கென்ன தெரியும்? பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாங்க.”

வேறு வெற்று சிடியும் வீட்டில் இல்லை.

சகலை வீட்டில் சிடி தேன் மாதிரிப் பாடியது. “அருமை சகலை! ஒரு இடத்துல திக்கணுமே!” என்று சகலை தொடையில் தட்டினார். பதினொன்றாவது பாட்டு முடிந்தது, பிளேயர் நின்றது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், மோட்டார்க்காரருக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது அடுப்படியிலிருந்து ஒரு முணுமுணுப்பு. அக்காவுக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த மனைவி, தன்னை மறந்து பாடினாள். “சுத்து சுத்து மோட்டாரே...” ரெண்டாவது அடி முடிந்ததும், சொல்லிவைத்தாற்போல் ஒரு இருமல். பிறகு மூன்றாவது அடி.

சகலையின் தலை தானாக ஆடியது. “அட, மெட்டு நல்லாயிருக்கே! எந்தப் படம்மா?”

அடுப்படியில் கத்தி நின்றது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மோட்டார்க்காரர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். “படத்தை விடுங்க சகலை. நடுவுல இருமினாளே, அது யாரோட இருமல்னு கேளுங்க!”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தாள். வெங்காயமோ சிரிப்போ, கண்ணில் தண்ணீர். “சரி, சரி. அடுத்த சிடில போட்டுத் தொலைங்க. அந்த இருமலை மட்டும் எடுத்துடுங்க.”

“எடுத்துட்டா மூணாவது அடி உனக்கு வருமா?”

அவள் இருமாமல் பாடிப் பார்த்தாள். வரவில்லை.